மான் முடி வேண்டாம், கிடாத் தாடி போதும்: ஃப்ளை கட்ட ரோமம் தேடுகிற தம்பிக்கு

மறையூர்த் தம்பி கேட்டது இதுதான். ஃப்ளை, அதாவது தூண்டில் முள்ளில் ரோமமும் இறகும் நூலால் சுற்றிப் பூச்சி மாதிரி செய்கிற போலி இரை, கட்டப் பழகி ஒரு வருடம் ஆகிறது, மூணாறு பக்கம் டிரவுட் மீனுக்கும் கீழே குளங்களில் விராலுக்கும் போடுகிறார். வெளிநாட்டு வீடியோக்களில் வருகிற மான் முடி, முயல் முகத்து ரோமம், கீரி முடி எல்லாம் நம் பக்கம் எங்கே கிடைக்கும்? வீட்டுப் பரணில் தாத்தா காலத்து மான் தோல் ஒன்று கிடக்கிறது, தோட்டத்துக் கம்பிவேலியில் கடமான் உரசிவிட்டுப் போன முடி கொத்துக் கொத்தாக மாட்டியிருக்கிறது, இதையெல்லாம் எடுத்துக் கட்டலாமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன் தம்பி. எடுக்காதீர்கள். வேலியில் மாட்டியதையும் எடுக்காதீர்கள், பரணில் கிடப்பதையும் தொடாதீர்கள். 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் விலங்கின் பாகம் என்று சொல்லும்போது கொம்பு, எலும்பு, நகம், பல் இவற்றோடு முடியையும் இறகையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். பிரிவு 39இன்படி காட்டு விலங்கு செத்துக் கிடந்தாலும் அது அரசாங்கத்துச் சொத்து. அமெரிக்காவில் ரோட்டில் அடிபட்ட மானின் வாலை வெட்டி எடுத்துவந்து ஃப்ளை கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், சில மாநிலங்களில் அதற்கு அனுமதி உண்டு. அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு இங்கே உடுமலை ரோட்டில் அடிபட்டுக் கிடக்கிற எதையாவது கத்தியோடு நெருங்கினால் வாழ்க்கை கெட்டுவிடும். நீங்கள் இருப்பதோ சின்னார் சரணாலயத்தின் வாசலில்.

பரணில் இருக்கிற தோலைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய விலங்குப் பொருள்களைக் கணக்குக் காட்டச் சொல்லி 2003இல் அரசு கெடு கொடுத்தது. அப்போது யாராவது எழுதிக் கொடுத்துச் சான்றிதழ் வாங்கியிருந்தால் சரி. இல்லையென்றால் அது வீட்டில் இருப்பதே வம்பு. அப்பாவிடம் பேசுங்கள், தெரிந்த வக்கீல் ஒருவரிடம் கேட்டுக்கொண்டு வனத்துறையிடம் ஒப்படைக்கிற வழியைப் பாருங்கள். அதிலிருந்து ஒரு கொத்து வெட்டி ஃப்ளை கட்டிப் படம் போட்டு, அந்தப் படத்தாலேயே மாட்டிக்கொள்ளாதீர்கள்.

பயமுறுத்தச் சொல்லவில்லை. இந்தக் கலையில் அபூர்வமான பொருள் மேல் வருகிற ஆசை ஆளை எங்கே கொண்டுபோகும் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. 2009இல் இங்கிலாந்தில் டிரிங் என்ற ஊரில் உள்ள அருங்காட்சியகத்தில் 299 பறவைத் தோல்கள் திருடுபோயின. ஆராய்ச்சிக்காக நூறு வருடத்துக்கும் மேலாகப் பாதுகாத்து வைத்திருந்தவை. திருடியது ஃப்ளை கட்டுகிற ஒரு இளைஞர், திருட்டு எல்லாம் சால்மன் மீனுக்குக் கட்டுகிற ஃப்ளைக்கு வேண்டிய இறகுக்காக. அந்த இறகு இல்லாவிட்டால் மீன் கடிக்காதா? கடிக்கும். மீனுக்கு அபூர்வம் என்றெல்லாம் ஒன்றும் தெரியாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் கொழிஞ்சாம்பாறைக்காரன். கிழக்கே போனால் பொள்ளாச்சி, மேற்கே போனால் பாலக்காடு, வடக்கே அட்டப்பாடி. பதினெட்டு வருடமாகக் கட்டுகிறேன். ஆரம்பத்தில் நானும் உங்களைப் போலப் பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டுதான் தேடினேன், மூஸ் முடி, பீவர் ரோமம், மஸ்க்ராட் என்று வெளிநாட்டு விலங்குகளாக. தேடத் தேடப் புரிந்தது, விலங்கின் பெயரைத் தேடக் கூடாது, அந்த முடி தண்ணீரில் என்ன வேலை செய்கிறது என்பதைத் தேடவேண்டும். இதைப் பிடித்துக்கொண்டால் ஒரு கறிக்கடை, ஒரு முயல் பண்ணை, நாய் வளர்க்கிற நாலு வீடு, ஒரு பூஜைச் சாமான் கடை, இவ்வளவுக்குள் முக்கால்வாசி ஃப்ளை கட்டிவிடலாம்.

பெரும்பாலான விலங்குகளுக்கு இரண்டு வகை முடி இருக்கும். வெளியே தெரிகிற நீளமான, விறைப்பான, பளபளக்கிற முடி ஒன்று, நான் அதை மேல்முடி என்று சொல்வேன். அதை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் தோலை ஒட்டிப் பஞ்சு மாதிரி இருப்பது அடிரோமம். இறக்கை, வால், கால் இவற்றுக்கு மேல்முடி. நூலில் திரித்து உடம்பு சுற்றுகிற டப்பிங்குக்கு அடிரோமம். இரண்டையும் கலந்தால் கொஞ்சம் முள்முள்ளாக நிற்கிற நிம்ஃப் (தண்ணீருக்கடியில் வாழ்கிற பூச்சிக் குஞ்சு மாதிரியான ஃப்ளை) உடம்பு கிடைக்கும், முயல் முகத்து ரோமத்துக்கு இத்தனை பெயர் வந்தது இதற்குத்தான். அப்புறம் நுனி. விலங்கின் முடி நுனியில் மெலிந்து ஊசியாக முடியும், அந்த மெலிவுதான் தண்ணீரில் உயிரோடு அசைகிற மாதிரி காட்டும். வெட்டிய நுனி அப்படி அசையாது. பழனியில் மொட்டை அடிக்கிற முடி டன் கணக்கில் கிடைக்கிறதே என்று ஒருவர் என்னிடம் கேட்டார், மனுஷத் தலைமுடி பல தடவை வெட்டி வளர்ந்தது, நுனி மொட்டையாக இருக்கும், ஃப்ளைக்கு ஆகாது.

முதலில் கறிக்கடை. நம் பக்கத்தில் இதைவிடப் பெரிய பொக்கிஷம் இல்லை. வெள்ளாட்டுக் கிடாவின் தாடி நாலைந்து அங்குலம் நீளம் வரும், லேசாக ஒளி ஊடுருவும், ஈரமானால் ஒட்டிக்கொண்டு கம்பி மாதிரி நிற்காது, நெளியும். ஸ்ட்ரீமருக்கு, அதாவது சின்ன மீன் மாதிரி நீளமாகக் கட்டுகிற ஃப்ளைக்கு, மான் வால் கேட்கிற எல்லா இடத்திலும் நான் இதைத்தான் போடுகிறேன். முதுகுத் தண்டின் மேல் ஓடுகிற வரிமுடி கொஞ்சம் விறைப்பு, அது இறக்கைக்கு. வால் முடி சின்ன ஃப்ளைக்கு. கறுப்பு வேண்டுமென்றால் அட்டப்பாடிக் கறுப்பாட்டை விட நல்ல கறுப்பு நான் பார்த்ததில்லை. சாயம் போட்ட கறுப்பு வெயிலில் பிடித்தால் ஊதாவாகவோ பழுப்பாகவோ தெரியும், இது கறுப்பாகவே இருக்கும், மேலே ஒரு எண்ணெய்ப் பளபளப்பு. ஜமுனாபாரி கலப்புக் கிடா வந்தால் பின்னங்கால் தொடையில் தொங்குகிற நீள முடியைக் கேட்டு வாங்குங்கள், அது தாடியை விட மென்மை.

வாங்குகிற விதம் முக்கியம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் போய் நின்று கேட்காதீர்கள். சனிக்கிழமை மத்தியானம் போய் ஒரு கிலோ கறி சொல்லிவிட்டு, பாய், நாளைக்கு அறுக்கிறதில் தாடியும் வாலும் தனியாக எடுத்து வையுங்கள் என்று சொன்னால் போதும். எங்கள் ஊர்க் கறிக்கடை பாய் ஆரம்பத்தில் எதற்கு என்று கேட்டார், கட்டிய ஃப்ளை ஒன்றைக் கையில் கொடுத்தேன், அன்றிலிருந்து நல்ல கிடா வந்தால் அவரே கூப்பிடுகிறார். அந்தப் பக்கம் மலையாளத்துக் கடைகளில் கேட்கும்போது ரோமம் என்று சொல்லுங்கள், நாம் புழங்குகிற அந்த இன்னொரு சொல் அங்கே கெட்ட வார்த்தை. தோல் மண்டிக்கோ தொழிற்சாலைக்கோ போய்த் தேடவேண்டாம். தோல் பதனிடுகிற இடத்தில் முடியை நீக்கச் சுண்ணாம்பும் சல்ஃபைடும் போடுவார்கள், முடி வெந்து நுனி கருகிப்போயிருக்கும், பார்க்க நன்றாக இருந்தாலும் நூலை இறுக்கும்போது உதிரும். மண்டியில் உப்புப் போட்டு அடுக்கிய தோல் அந்த நிலைக்கு முந்தியது, அது பரவாயில்லை, ஆனால் முழுத் தோலாகத்தான் கொடுப்பார்கள்.

செம்மறி ரோமத்தைப் பலரும் அலட்சியம் செய்கிறார்கள், எனக்கு அது வருத்தம். நம் ஊர் மேய்ச்சல் ஆடுகளில் பெரும்பாலானவை கம்பளி இல்லாத, முடி ஆடுகள். கோயம்புத்தூர்க் குரும்பை ஆட்டில் கரடுமுரடான கம்பளி கிடைக்கும், பெரிய நிம்ஃபுக்கும் இறால் ஃப்ளைக்கும் அது நல்லது. மெல்லியது வேண்டுமென்றால் மேலே போகவேண்டும். நீலகிரி ஆடு மென்கம்பளிக்குப் பெயர் போனது. கொடைக்கானலுக்கு மேற்கே மன்னவனூரில் மத்திய செம்மறி ஆடு, கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் தெற்கு மையம் இருக்கிறது, பாரத் மெரினோ ஆடு அங்கே வளர்க்கிறார்கள். ரோமம் கத்தரிக்கிற பருவத்தில் அங்கே ஆடு வாங்கி வளர்க்கிறவர்களிடம் கேட்டால் ஒரு பை கிடைக்கும், ஒரு பை என்பது நமக்குப் பத்து வருடத்துக்குக் காணும்.

செம்மறியைப் பற்றிப் பேசும்போது இந்தக் கதையைச் சொல்லாமல் போக முடியாது. 1900 வாக்கில் இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில் டிவெர்ட்டன் ஊரில் புகையிலைக் கடை வைத்திருந்த ஆஸ்டின் என்பவர் ஒரு ஃப்ளை கட்டினார், டிரவுட் அதற்குப் பைத்தியமாக வந்தது. அதன் உடம்பு எதனால் ஆனது என்பது வெளியே பல வருடம் ரகசியம். விஷயம் என்னவென்றால் செம்மறிக் கிடாவின் விதைப்பை மேல் இருக்கிற ரோமம். கிடாவின் மூத்திரம் பட்டுப் பட்டு அந்த இடத்து ரோமம் ஒரு மாதிரி இளமஞ்சளாக மாறியிருக்கும், எந்தச் சாயத்திலும் வராத நிறம், அதோடு எண்ணெய்ப் பசை இருப்பதால் தண்ணீரும் ஏறாது. அதில் ஸ்பேனியல் நாயின் முடி, சீல் என்ற கடல்நாயின் ரோமம், கொஞ்சம் மொஹேர் என்ற அங்கோரா ஆட்டு ரோமம் எல்லாம் கலந்திருந்தார். ஸ்கூஸ் என்ற பெரிய மீன்பிடிக்காரர் அதற்கு டப்ஸ் இன்டிஸ்பென்சபிள் என்று பெயர் வைத்தார், கிடாவுக்கு இன்றியமையாதது என்று பொருள். உலகப் புகழ் பெற்ற ஃப்ளைக்கு வந்த பொருள் ஆஸ்டினுக்குப் பக்கத்து வயலில் மேய்ந்துகொண்டிருந்தது. நம் கிடைகளிலும் அதே நிறம் இருக்கிறது தம்பி. கிடை போடுகிற கீதாரியிடம் பக்குவமாகக் கேட்டால், ரோமம் கத்தரிக்கும்போது அந்த இடத்துப் பிசிறையும் சேர்த்துக் கொடுப்பார். நான் வாங்கியிருக்கிறேன், சோப்புப் போட்டு அலசாமல் வெறும் தண்ணீரில் அலசிக் கட்டினேன், நிறம் அப்படியே நின்றது.

சீல் ரோமம் என்று பழைய செய்முறைகளில் வந்தால் தாண்டிப் போங்கள். நம் சட்டம் வந்த அதே 1972இல் அமெரிக்காவும் கடல் பாலூட்டிகளைக் காக்கச் சட்டம் போட்டுவிட்டது, அங்கே கட்டுகிறவர்களே அங்கோரா ஆட்டின் மொஹேருக்கு மாறிப் பல வருடமாகிறது. பின்னல் நூல் கடையில் மொஹேர் நூல்கண்டு வாங்கி, அரை அங்குலமாக நறுக்கிப் பிரித்தால் அதே மினுமினுப்பு.

முயல். காட்டு முயலை நினைக்கவே வேண்டாம், அதுவும் காட்டு விலங்குதான். பண்ணை முயல் தாராளமாக இருக்கிறது. நீங்கள் தேடவேண்டியது சோவியத் சின்சிலா என்ற இனம், மன்னவனூர் மையத்திலும் இந்த இனம் உண்டு, கறி முயல் வளர்க்கிற பண்ணைகளில் பரவலாக இருக்கிறது. ஒரு முடியை எடுத்து வெள்ளைக் காகிதத்தில் வைத்துப் பாருங்கள், அடியில் சிலேட்டு நிறம், நடுவில் முத்து வெள்ளை, நுனியில் கறுப்பு. அடிரோமத்தை மட்டும் எடுத்தால் மஸ்க்ராட்டின் சாம்பல் நிறம். 1922இல் மிச்சிகனில் பிறந்த ஆடம்ஸ் என்ற ஃப்ளைக்கு அந்தச் சாம்பல்தான் உடம்பு, நான் அதை இந்த முயலில்தான் கட்டுகிறேன். காது, முகம் பக்கத்துக் குட்டை முடியையும் சேர்த்துக் கலக்கினால் முயல் முகத்து நிம்ஃப், மூணாறுத் தண்ணீரில் டிரவுட்டுக்கு நான் முதலில் கட்டுவது அது. பெர்மிட் வாங்கிக்கொண்டு போங்கள், அதை உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

கலக்குவதற்கு வழி: ஒரு பாட்டிலில் தண்ணீர், இரண்டு சொட்டு ஷாம்பூ, கத்தரித்த ரோமம், மூடிபோட்டு நன்றாகக் குலுக்கிவிட்டு வடிகட்டி நிழலில் உலர்த்துங்கள். மிக்ஸியில் போட்டால் சட்னி ஜாரில் விட்டு விட்டு ஓட்டுங்கள், தொடர்ந்து ஓட்டினால் அச்சில் சுற்றி மோட்டார் புகையும்.

இப்போது கீரி. நுனியில் வரிவரியாக நிறம் மாறுகிற முடி, விறைப்பும் உண்டு, ஆசை வரத்தான் செய்யும். ஆனால் கீரி முடி பிரஷுக்காக இந்த நாட்டில் எத்தனை கீரிகளை அடித்துக் கொன்றிருக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்குக் கை வராது. 2019இல் வனவிலங்குக் குற்றத் தடுப்புப் பிரிவு ஆபரேஷன் கிளீன் ஆர்ட் என்று பெயர் வைத்து நாடு முழுக்க அந்த பிரஷ் வியாபாரத்தைத் தேடிச் சோதனை நடத்தியது. யாராவது பழைய பிரஷ் இருக்கிறது, பிய்த்துக்கொள் என்று கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

அதற்கு மாற்று உங்கள் தெருவிலேயே நடமாடும். ஜெர்மன் ஷெப்பர்ட் நாயில் சேபிள் நிறம் என்று ஒன்று உண்டு, கழுத்து, தோள் பக்கத்து மேல்முடியைப் பாருங்கள், வெளிறியதும் கறுப்பும் மாறி மாறிப் பட்டை போட்டிருக்கும். கீரி முடி கேட்கிற செய்முறைக்கு அதைப் போட்டுப் பக்கத்தில் வைத்தால் கட்டிப் பழகியவருக்கே வித்தியாசம் சொல்லச் சிரமம். முடி உதிர்கிற பருவத்தில் சீப்பில் வாரினாலே கைநிறைய வரும், நாய்க்கும் சுகம். ஸ்பிட்ஸ் நாயின் அடிரோமம் வெள்ளை டப்பிங், சாயம் சட்டென்று பிடிக்கும். நாட்டு நாயின் செம்பழுப்பு முடி குட்டைதான், ஆனாலும் முயலோடு கலந்தால் நிம்ஃபுக்கு நல்ல முள் கொடுக்கும். கோவையிலோ கொச்சியிலோ நாய்க்கு முடி வெட்டுகிற கடை தெரிந்தால் ஒரு கவரைக் கொடுத்து வையுங்கள், அவர்கள் தினமும் குப்பையில் போடுவது அது. வெட்டியதை விட வாரியது மேல், நுனி இருக்கும்.

இனி நான் மிகவும் ரசித்துக் கண்டுபிடித்த இடம். நெம்மாரா வல்லங்கி வேல திருவிழாவைப் பார்த்திருக்கிறீர்களா? எங்கள் ஊருக்குப் பக்கம், ஏப்ரல் தொடக்கத்தில் வரும். யானை மேல் நின்று வீசுகிற வெண்சாமரம் எதனால் ஆனது? யாக்கின் வால் முடி. நாம் கவரி என்று பாட்டிலும் பேச்சிலும் சொல்லிக்கொண்டே இருக்கிறோமே, அந்தக் கவரி மான் இல்லை, இமயத்து யாக் மாடுதான். ஒன்றரை அடி, இரண்டு அடி நீளம் வருகிற முடி, வெள்ளை, நல்ல வலு, தண்ணீரில் ஓடும்போது மீனின் உடம்பு மாதிரி வளையும். கொடுவாய்க்கும் பாறை மீனுக்கும் கடல்முகத்தில் போடுகிற ஏழெட்டு அங்குல ஃப்ளைக்கு இதற்கு நிகர் இல்லை. வெளிநாட்டில் யாக் முடி என்று சின்னப் பொட்டலமாக விற்பதும் இதுதான். வீட்டு யாக்கின் முடி என்பதால் காட்டு விலங்குச் சிக்கலும் இல்லை. திருச்சூர்ப் பக்கம் சாமரமும், மயில் பீலி விசிறியான ஆலவட்டமும் செய்கிற குடும்பங்கள் இருக்கின்றன, பழைய சாமரத்தைப் பிரித்துக் கட்டும்போது குட்டை முடி கழியும். அவர்களுக்கு உதவாத ஆறங்குலம் நமக்கு முழு நீளம். கோயில் சாமானுக்கு வந்த பொருள் என்பதால் மரியாதையோடு கேளுங்கள், காசும் கொடுங்கள்.

பூஜைக் கடையில் வாங்கினால் நைலான் தலையில் கட்டிவிடுவார்கள். ஒரே ஒரு முடியைக் கொளுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். ரோமம் என்றால் முடி கருகிய நாற்றம் வரும், சாம்பல் விரலில் பொடியாகும். நைலானும் அக்ரிலிக்கும் உருகிக் கட்டியாக உருண்டுகொள்ளும். ஸ்வெட்டர், சால்வைத் துண்டு வாங்கினாலும் இதே சோதனை.

ஆலவட்டம் என்றதும் மயில் ஞாபகம் வருகிறது. கேள்வி முடியைப் பற்றியது என்றாலும் மயில் பீலியின் கண்ணுக்குக் கீழே இருக்கிற இழை இல்லாமல் ஃப்ளைப் பெட்டி நிறையாது. தானாக உதிர்ந்த வால் பீலியை நாட்டுக்குள் வாங்க விற்கச் சட்டம் விலக்கு கொடுத்திருக்கிறது, வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. இந்த விலக்கு வால் பீலிக்கு மட்டும்தான், கழுத்து இறகு, உடம்பு இறகுக்குக் கிடையாது. காட்டுக்கோழியின் கழுத்து இறகு, அந்த மெழுகுப் பொட்டு வைத்தது, அழகுதான். அதையும் தொடக் கூடாது. வீட்டுச் சேவலின் கழுத்து இறகே போதும்.

மாட்டு வால் கேரளப் பக்கக் கடைகளில் கிடைக்கும், கறிக்கு வாலை விற்றுவிட்டுக் குஞ்சத்தை எறிந்துவிடுவார்கள். கன்றின் குஞ்சம் சுருள்சுருளாக இருக்கும், இறக்கைக்கு அந்தச் சுருள்தான் வேண்டும், பெரிய மாட்டினது முரடு. பொள்ளாச்சிச் சந்தையில் போய் உயிரோடு நிற்கிற மாட்டின் குஞ்சத்தை வெட்டித் தரச் சொல்லாதீர்கள், ஈ கொசுவை விரட்ட அதற்கு வேறு எதுவும் இல்லை. குதிரை வால் முடி, வயலின் வில்லுக்குப் போடுவார்களே அது, உடம்பின் மேல் வரி சுற்ற நன்றாக இருக்கும், மூணாறு கொடைக்கானலில் சவாரிக் குதிரை வைத்திருப்பவர்கள் வாரும்போது விழுவதைக் கொடுப்பார்கள். பன்றி முடி, பண்ணை வெள்ளைப் பன்றியினது, இறாலின் மீசைக்கு. காட்டுப் பன்றி கேட்காதீர்கள். பயிரை அழிக்கிற பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தைக் கேரளா 2022இல் உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்தது உண்மை, ஆனால் சுட்டதைப் புதைக்கவேண்டும் என்பதும் அதோடு சேர்ந்த விதி.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். செத்துக் கிடந்த ஆட்டிலோ மாட்டிலோ ஒருபோதும் முடி எடுக்காதீர்கள். அடைப்பான் நோய், ஆந்த்ராக்ஸ், அதன் வித்து ரோமத்திலும் தோலிலும் வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும், உப்பிலும் சாகாது, ஃப்ரீசரிலும் சாகாது. கம்பளி பிரிக்கிற தொழிலாளிக்கு மூச்சு வழியாக வருவதால் ஒரு காலத்தில் இங்கிலாந்தில் அதற்குக் கம்பளி பிரிப்பவர் நோய் என்றே பெயர். அதிரப்பிள்ளிக் காட்டில் 2022இல் காட்டுப் பன்றிகள் செத்தது இதில்தான். நன்றாக நடமாடி, கடையில் அறுத்த ஆடு மட்டும். ரோமத்தைக் கத்தரிக்கும்போது முகமூடி போடுங்கள்.

வாங்கி வந்ததும் செய்யவேண்டியது. வாலைக் கீழ்ப்பக்கமாகக் கீறி எலும்பை உருவிவிடுங்கள், கொழுப்பு ஒரு துளி விடாமல் சுரண்டுங்கள், அந்தத் துளிதான் நாளைக்கு நாறும். கல்லுப்பைப் பொடித்து அப்பி இரண்டு நாள், அப்புறம் உப்பைத் தட்டிவிட்டு வெண்காரம் தடவி நிழலில் விறைக்கும் வரை காயவிடுங்கள். வெயில் வேண்டாம். காய்ந்ததும் முடிப் பக்கத்தை மட்டும் ஷாம்பூவில் அலசி உலர்த்தி, ஜிப் கவரில் போட்டு ஃப்ரீசரில் இரண்டு வாரம், வெளியே எடுத்து இரண்டு நாள், மறுபடி இரண்டு வாரம். முதல் குளிரில் தப்பிய முட்டை வெளியே வைத்த இரண்டு நாளில் பொரிந்தால் இரண்டாம் குளிரில் புழு செத்துவிடும். இந்தக் கடைசி வேலையை நான் ஒரு தடவை விட்டேன். வெளியூர்க் கடை ஒன்றிலிருந்து தபாலில் வந்த ஒரு வாலை அப்படியே பெட்டியில் வைத்தேன், மூன்று மாதம் கழித்துத் திறந்தால் எட்டு வருடச் சேமிப்பு தூளாகக் கிடந்தது, சின்னதாக மயிர்ப்புழு மாதிரி வண்டுப் புழுக்கள். அன்றைக்கு வந்த அழுகையை இன்னும் மறக்கவில்லை. யார் கொடுத்தாலும், எவ்வளவு பெரிய கடையானாலும், புதிதாக வருவது தனிப் பையில் ஃப்ரீசருக்குப் போகட்டும். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கிற யோசனை இருந்தால் இன்னொன்று, விலங்குப் பொருள் உள்ளே வர இறக்குமதி அனுமதி கேட்பார்கள், சின்னப் பார்சல் பல சுங்கத்திலேயே நின்றுவிடும்.

சாயத்துக்கு வினிகர் சேர்த்த அமிலச் சாயம் ரோமத்தில் நன்றாகப் பிடிக்கும், கொதிக்கவிடாமல் கை பொறுக்காத சூட்டில் வையுங்கள், கொதித்தால் செம்மறி ரோமம் இறுகிக் கம்பளித் துணியாகிவிடும். உங்கள் ஊரில் தேயிலைத்தூளுக்குப் பஞ்சமில்லை, வெள்ளைத் தாடியை அதில் ஊறவைத்தால் பூச்சி இறக்கைக்கு வேண்டிய மங்கல் பழுப்பு வரும். படிகாரத்தில் நனைத்து வெங்காயச் சருகில் போட்டால் மஞ்சள், கொஞ்சம் இரும்பு பட்டால் பாசி நிறம்.

கடைசியாக மான் முடி. இதில் உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை, மான் முடிக்குச் சரியான மாற்று நம் வீட்டு விலங்குகளில் கிடையாது. அதன் உள்ளே காற்று அறைகள் இருக்கும், நூலை இறுக்கியதும் விரிந்து பூவாக நிற்கும், மிதக்கும். 1930களில் கனடாவில் டான் கேப்பன் கட்டிய மட்லர் மின்னோ என்ற ஃப்ளையின் தலை அந்த விரிவால்தான் வந்தது. ஆட்டு முடியை எவ்வளவு இறுக்கினாலும் விரியாது. அதனால் விராலுக்குத் தவளை கட்டும்போது நான் விரிவைத் தேடுவதை விட்டுவிட்டேன், மிதப்பை மட்டும் தேடினேன். ஹவாய் செருப்பு ரப்பரை பிளேடில் செதுக்கி உடம்பு, அதில் கிடாத் தாடியை இரண்டு பக்கமும் கட்டிக் கால். இழுத்து நிறுத்தும்போது தாடி விரிந்து, மறுபடி இழுக்கும்போது ஒட்டிக்கொள்ளும், நிஜத் தவளை காலை உதைக்கிற அதே அசைவு. மீன்கரை அணைப் பக்கம் ஆம்பல் இலைகளுக்கு நடுவே இதைத்தான் போடுகிறேன்.

சின்ன மிதக்கும் ஃப்ளைக்கு வேறு வழி. போடிப் பக்கத்து இலவம்பஞ்சு. ரோமம் இல்லைதான், ஆனால் ஒவ்வொரு இழையும் உள்ளே குழாய், மேலே மெழுகு, ஒரு காலத்தில் உயிர்காக்கும் மிதவைச் சட்டைக்குள் அடைத்தது அது. தனியாகத் திரிக்க வராது, வழுக்கும். மூன்று பங்கு இலவம்பஞ்சுக்கு ஒரு பங்கு சின்சிலா முயலின் அடிரோமம் கலந்து, நூலில் மெழுகு தடவித் திரியுங்கள். கட்டியதை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு ராத்திரி முழுக்க விட்டு வையுங்கள், காலையில் மேலே மிதந்தால் ஆற்றுக்கு எடுத்துப் போகலாம்.